சிங்கப்பூர் முதல் நியூயார்க் வரை: தூரம் ஒன்று, நேரம் பல

சிங்கப்பூருக்கும் நியூயார்க்கிற்கும் இடையே எவ்வளவு தூரம் என்று இணையத்தில் உள்ள எந்தத் தூரக் கணிப்பானிடம் கேட்டாலும் 15,340 கிலோமீட்டரை ஒட்டிய ஓர் எண் கிடைக்கும். ஆனால், 2018 அக்டோபர் 11 அன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கை அடுத்துள்ள நுவார்க் விமான நிலையத்திற்கு இடைநில்லாச் சேவையை மீண்டும் தொடங்கியபோது, உலகெங்கும் செய்தித்தாள்கள் அச்சிட்ட எண் 16,700 கிலோமீட்டர். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர்; அந்த இடைவெளிக்குள் ஒரு நடுத்தர அளவுள்ள நாட்டையே வைத்துவிடலாம். இதில் எந்த எண் தவறு என்று தேடத் தொடங்குபவர்களுக்குக் கிடைக்கும் விடை கொஞ்சம் ஏமாற்றமானது: இரண்டுமே சரி. முதல் எண் உருண்டையான பூமியின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழியின் நீளம். இரண்டாவது எண் ஒரு விமானம் உண்மையில் பறக்கத் திட்டமிட்ட வழியின் நீளம். முதலாவது வடிவியல் சார்ந்தது, அதை ஒருமுறை கணக்கிட்டால் போதும். இரண்டாவது காற்றையும், எரிபொருளையும், நாடுகளுக்கிடையே உள்ள உறவையும் பொறுத்து ஒவ்வொரு நாளும் புதிதாக முடிவு செய்யப்படுவது.

நீண்ட பயணங்களைப் பற்றிப் பேசும்போது நாம் தூரத்தை முதலில் கேட்கிறோம், பிறகு அதை விமானத்தின் வேகத்தால் வகுத்து நேரத்தை மனத்தில் கணக்கிட்டுக்கொள்கிறோம். சாலைப் பயணத்தில் இந்தப் பழக்கம் ஓரளவுக்குப் பயன்படும். வான்வழியில், அதுவும் பெருந்தொலைவில், அது ஏன் சறுக்குகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் வடிவியலை முடித்துவிடுவோம். கோளத்தின் மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோடு, அந்தக் கோளத்தின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு பகுதியாக இருக்கும். பூமிக்கோள உருண்டை ஒன்றை எடுத்து, இரண்டு நகரங்களுக்கு இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், நூல் தானாகச் சென்று படியும் வழி அதுதான். சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தில் அதே வழி வளைந்த கோடாகத் தெரியும். அதனால்தான் விமானத்தின் திரையில் பாதையைப் பார்ப்பவர்கள் விமானம் ஏன் இப்படிச் சுற்றிக்கொண்டு போகிறது என்று வியக்கிறார்கள். 1569-இல் வரைபட அறிஞர் மெர்கேட்டர் வெளியிட்ட வரைபட முறை, திசைகாட்டியின் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு கப்பல் ஓட்டுபவருக்காக அமைந்தது. அதில் நேர்க்கோடு என்பது மாறாத திசையைக் குறிக்குமே தவிர, குறைந்த தூரத்தைக் குறிக்காது.

இதன் விளைவு எவ்வளவு பெரியது என்பதற்கு சிட்னியையும் சிலியின் தலைநகரான சான்டியாகோவையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் தெற்கு அட்சரேகை 33, 34 பாகைகளை ஒட்டியே இருக்கின்றன. வரைபடத்தில் அவற்றுக்கு இடையே பசிபிக் பெருங்கடலின் குறுக்காகக் கிடைமட்டமாக ஒரு கோடு இழுத்தால் போதும் என்று தோன்றும். அந்த அட்சரேகையை விட்டு விலகாமல் போனால் தூரம் சுமார் 12,800 கிலோமீட்டர். பெருவட்ட வழியிலோ அது சுமார் 11,340 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தக் குறுகிய வழி தெற்கு நோக்கி வளைந்து ஏறத்தாழ 62 பாகை வரை, அதாவது அண்டார்டிகாவின் ஓரத்தை எட்டிப் பார்க்கும் அளவுக்குப் போய்த் திரும்புகிறது. பனிப்பாறை மிதக்கும் கடலை நோக்கிப் போவதுதான் சுருக்கு வழி என்பது கேட்பதற்கு விந்தையாக இருந்தாலும், உருண்டையின் மேல் நூலைப் பிடித்துப் பார்த்தவருக்கு அதில் ஐயம் எழாது.

இந்தக் கணக்கைப் போடுவது கடினமன்று. இரண்டு இடங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால், கோள முக்கோணவியலின் ஒரே சூத்திரம் அவற்றுக்கு இடையே உள்ள கோணத்தைத் தந்துவிடும். ஒரு பாகைக்கு சுமார் 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் தூரம் வந்துவிடும். விமானிகளும் மாலுமிகளும் கடல் மைலை இன்னும் கைவிடாததற்கும் இதுவே காரணம். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். அது பூமியின் பெருவட்டத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. எனவே கோணத்தை அறுபதால் பெருக்கினாலே கடல் மைல் கணக்கு முடிந்துவிடுகிறது. கிலோமீட்டரும் பூமியை அளந்து பிறந்ததுதான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அறிஞர்கள் மீட்டரை வரையறுத்தபோது, வடதுருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரை உள்ள தூரத்தின் ஒரு கோடியில் ஒரு பங்கு என்றே வைத்தார்கள். ஆகவே துருவத்திலிருந்து பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர், பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர், உலகில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே இருக்கக்கூடிய அதிகபட்ச தூரம் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர். இந்தக் கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால், எந்த நெடும்பயணத்தின் அளவும் உடனே பிடிபடும்; சிங்கப்பூருக்கும் நியூயார்க்கிற்கும் இடையே உள்ள தூரம் பூமியில் இயன்ற மிகப் பெரிய தூரத்தின் முக்கால் பங்குக்கும் மேல்.

சின்னச் சின்னத் திருத்தங்களும் உண்டு. பூமி சரியான கோளமன்று. துருவங்களில் தட்டையானது, அதன் பூமத்திய ரேகை ஆரம் 6,378 கிலோமீட்டர் என்றால் துருவ ஆரம் 6,357 கிலோமீட்டர்தான். இதனால் எளிய கோளக் கணக்கில் அரை சதவீதம் வரை பிழை வரலாம். சில தளங்கள் நகரத்தின் நடுப்பகுதியிலிருந்து அளக்கின்றன, சில விமான நிலையத்திலிருந்து அளக்கின்றன. நரிட்டா விமான நிலையம் டோக்கியோவின் மையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருப்பதை நினைத்தால் இது அற்பமான வேறுபாடு அன்று. விமானம் தரையிலிருந்து 11 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் வட்டம் பெரிதாகித் தூரம் கூடுமே என்று சிலர் கேட்பதுண்டு. கூடத்தான் செய்யும், ஆனால் 15,340 கிலோமீட்டர் பயணத்தில் அது 26 கிலோமீட்டர் அளவே. இவை அனைத்தையும் சேர்த்தாலும் 1,350 கிலோமீட்டர் வேறுபாட்டின் அருகில்கூட வர முடியாது.

அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, சிங்கப்பூர், நியூயார்க் ஆகிய இரண்டின் தீர்க்கரேகைகளை ஒப்பிட வேண்டும். அவை ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 178 பாகை விலகி, பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. அப்படிப்பட்ட இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி கிழக்கேயும் இல்லை, மேற்கேயும் இல்லை. அது நேராக வடக்கே போய் மறுபுறம் தெற்கே இறங்குகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் இந்தப் பெருவட்டம் வடதுருவத்திற்கு 300 கிலோமீட்டருக்குள் நெருங்கிச் செல்கிறது. நியூயார்க்கிற்குப் போகும் விமானமோ பெரும்பாலும் வடகிழக்கே திரும்பி, பசிபிக் பெருங்கடலைக் கடந்து, வட அமெரிக்காவின் மேல் பறந்து சேருகிறது. தூரத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நட்டம். அந்த நட்டத்தை ஒரு நிறுவனம் விரும்பி ஏற்பதற்குக் காரணம் காற்று.

வடக்கு, தெற்கு ஆகிய இரண்டு அரைக்கோளங்களிலும் நடு அட்சரேகைகளின் மேல், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் குறுகலான, மிக வேகமான காற்றோட்டங்கள் உள்ளன. ஜெட் காற்றோட்டம் என்று இவற்றை அழைக்கிறோம். வெப்பமான பகுதிக்கும் குளிர்ந்த பகுதிக்கும் இடையே உள்ள வெப்பநிலை வேறுபாட்டிலிருந்து இவை பிறப்பதால், அந்த வேறுபாடு மிகும் குளிர்காலத்தில் இவற்றின் வேகமும் மிகும். மணிக்கு 200 கிலோமீட்டர் என்பது சாதாரணம், சில நாட்களில் 400 கிலோமீட்டரையும் தாண்டும். 1920-களில் ஜப்பானிய வானிலை அறிஞர் வசபுரோ ஓயிஷி வானிலை பலூன்களைப் பறக்கவிட்டு இக்காற்றை அளந்து, உலகம் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் தன் அறிக்கையை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். உலகம் படிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானை நோக்கிப் பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் எதிர்க்காற்றில் சிக்கித் திணறிய பிறகே இது பரவலாகப் பேசப்பட்டது.

இந்தக் காற்று பயண நேரத்தை எவ்வளவு மாற்றும் என்பதற்கு லண்டன்–நியூயார்க் வழியே சிறந்த சான்று. தூரம் சுமார் 5,540 கிலோமீட்டர். நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் போக பெரும்பாலும் ஆறரை மணி முதல் ஏழு மணி நேரம். லண்டனிலிருந்து நியூயார்க்கிற்குத் திரும்ப ஏழரை மணி முதல் எட்டு மணி நேரம். 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது, வலுத்திருந்த ஜெட் காற்றோட்டத்தின் தள்ளுதலில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடங்களில் வந்து சேர்ந்தது. தரையைப் பொறுத்து அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைக் கடந்தது. ஒலியின் வேகத்தை மிஞ்சிவிட்டதா என்று அப்போது பலரும் கேட்டார்கள். இல்லை, விமானம் தன்னைச் சூழ்ந்த காற்றுக்குள் வழக்கமான வேகத்தில்தான் சென்றது, அந்தக் காற்று மொத்தமும் தரையின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

வட அட்லாண்டிக்கில் இந்தக் காற்றை அனுசரித்தே வான்பாதைகள் நாள்தோறும் இருமுறை புதிதாக வரையப்படுகின்றன. பகலில் ஐரோப்பாவிலிருந்து மேற்கே போகும் விமானங்களுக்கு எதிர்க்காற்றைத் தவிர்க்கும் பாதைகள். இரவில் கிழக்கே வரும் விமானங்களுக்குப் பின்காற்றைப் பிடிக்கும் பாதைகள். ஆகவே நேற்றுப் பறந்த வழியில் இன்று பறக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

போகும்போது இழந்ததை வரும்போது திரும்பப் பெற்றுவிடலாமே, மொத்தத்தில் கணக்குச் சமம்தானே என்று தோன்றலாம். அது சமமாகாது என்பதுதான் எனக்கு இந்தக் கணக்கில் பிடித்த பகுதி. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகமுள்ள விமானம் காற்றே இல்லாத நாளில் 5,540 கிலோமீட்டரைப் போய்வர 12 மணி 19 நிமிடம் ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று வீசினால், ஒரு திசையில் 5 மணி 32 நிமிடம், மறுதிசையில் 6 மணி 55 நிமிடம்; மொத்தம் 12 மணி 28 நிமிடம். எதிர்க்காற்றில் அதிக நேரம் இருக்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம் என்பதால், சீராக வீசும் காற்று போய்வரும் மொத்த நேரத்தை எப்போதும் நீட்டவே செய்யும். இதிலிருந்து தப்பும் ஒரே வழி, போகும் வழியும் வரும் வழியும் வெவ்வேறாக இருப்பது.

அதைத்தான் சிங்கப்பூர்–நியூயார்க் விமானங்கள் செய்கின்றன. நியூயார்க்கிலிருந்து சிங்கப்பூருக்குத் திரும்பும்போது அன்றைய காற்றைப் பார்த்து, வடதுருவப் பகுதியின் மேலாகவோ, அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பா, ஆசியா வழியாகவோ பறக்கலாம். அதாவது சில நாட்களில் போகும்போதும் கிழக்கு நோக்கி, வரும்போதும் கிழக்கு நோக்கி. உலகையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்திற்கு வந்து சேரலாம். பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும் நகரங்களுக்குத்தான் இந்த வாய்ப்பு உண்டு. லண்டனுக்கும் நியூயார்க்கிற்கும் இடையே பறக்கும் விமானம் இப்படி யோசிக்கவே முடியாது.

இப்போது 2018-இன் முதல் பயணத்தை எண்களில் பார்க்கலாம். 11 கிலோமீட்டர் உயரத்தில், சுழியத்திற்குக் கீழே 56 பாகை செல்சியஸ் குளிரில், ஒலியின் வேகம் மணிக்கு சுமார் 1,060 கிலோமீட்டர். ஏர்பஸ் ஏ350 அதில் 85 சதவீத வேகத்தில், அதாவது மணிக்கு 900 கிலோமீட்டரில் பறக்கும். பெருவட்டத் தூரத்தை அதனால் வகுத்தால் 17 மணி நேரம் வரும். அந்த முதல் பயணத்திற்கு ஆனது 17 மணி 52 நிமிடம். விமானம் மெதுவாகப் போனது என்று இதற்குப் பொருள் இல்லை. பறந்த வழி 16,500 கிலோமீட்டர் அளவில் இருந்ததாக வைத்துக்கொண்டால், ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் உட்பட அதன் சராசரி வேகம் மணிக்கு 920 கிலோமீட்டருக்கு மேல். நீண்ட வழியில் போனாலும் காற்று அந்த நீளத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

பூமி சுழல்வதால்தான் கிழக்குப் பயணமும் மேற்குப் பயணமும் வேறுபடுகின்றன என்ற விளக்கத்தை இன்றும் அடிக்கடி கேட்க நேர்கிறது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறதென்றால், மேற்கே போகும் விமானத்தை நோக்கி ஊரே ஓடி வர வேண்டும், எனவே மேற்குப் பயணம் சீக்கிரம் முடிய வேண்டும். ஆனால் உண்மையில் நடப்பதோ நேர் எதிர். வளிமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. ஓடும் ரயிலுக்குள் முன்னும் பின்னும் நடப்பவருக்கு ரயிலின் வேகம் எப்படி ஒரு பொருட்டில்லையோ, அப்படித்தான் விமானத்திற்குப் பூமியின் சுழற்சியும். சுழற்சி மறைமுகமாகக் காற்றோட்டங்களின் திசையைத் தீர்மானிக்கிறது என்பது உண்மை. அதற்கு மேல் அதற்கு நேரடிப் பங்கு இல்லை.

காற்றுக்கு அடுத்தபடியாக நேரத்தைத் தீர்மானிப்பது எரிபொருளின் எடை. குறுகிய பயணத்தில் இது பெரிதாகத் தெரியாது. பதினெட்டு மணி நேரப் பயணத்திலோ, கடைசி மணி நேரத்தில் எரிக்க வேண்டிய எரிபொருளை முதல் பதினேழு மணி நேரமும் சுமந்து செல்ல வேண்டும். அதைச் சுமப்பதற்கே தனியாக எரிபொருள் எரிக்க வேண்டும். இந்த வழிக்கென்றே உருவான ஏ350-900 யூஎல்ஆர் (மிகுநெடுந்தூர வகை) விமானத்தின் தொட்டிகளில் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். நிரப்பினால் அது சுமார் 130 டன். விமானம் புறப்படும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடையே 280 டன்தான். எனவே இருக்கைகளின் எண்ணிக்கையை 161-ஆகக் குறைத்து, சாதாரண வகுப்பே இல்லாமல் அமைத்தார்கள். இதே வழியில் 2004 முதல் 2013 வரை பறந்த நான்கு எஞ்சின் ஏ340-500 விமானங்கள் எரிபொருள் செலவைத் தாங்க முடியாமல்தான் நிறுத்தப்பட்டன. இவ்வளவு நெருக்கடியில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிச் சீக்கிரம் போகலாம் என்ற எண்ணத்திற்கே இடமில்லை; விமானத்தின் வேகத்தை எரிபொருள் செலவுக்கும் நேரத்தின் செலவுக்கும் இடையே எடைபோட்டுத்தான் வைக்கிறார்கள்.

எஞ்சின் எண்ணிக்கைக்கும் வழியின் நீளத்திற்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுவிட்டால் மற்றொன்றை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நேரத்திற்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை அடைய வேண்டும் என்பது விதி. 1950-களில் அமெரிக்காவில் அந்த வரம்பு 60 நிமிடமாக இருந்தது. 1985-இல் 120 நிமிடமாகவும், சில ஆண்டுகளில் 180 நிமிடமாகவும் உயர்ந்தது. இன்று ஏ350 போன்ற விமானங்களுக்கு அது 370 நிமிடம் வரை செல்கிறது. மேலே சொன்ன சிட்னி–சான்டியாகோ வழியை நினைத்துப் பாருங்கள். 60 நிமிட வரம்பில் அந்தத் தென்கடலின் மேல் இரண்டு எஞ்சின் விமானம் ஒன்று காலெடுத்து வைக்கவே முடியாது. அதனால் நெடுங்காலம் அவ்வழி நான்கு எஞ்சின் விமானங்களின் வசம் இருந்தது. எஞ்சின்களின் நம்பகத்தன்மை கூடக் கூட, வரைபடத்தில் எதுவும் மாறாமலேயே தென் அரைக்கோளத்து நகரங்கள் ஒன்றையொன்று நெருங்கி வந்துவிட்டன.

துருவப் பாதைக்கோ வேறு தொல்லைகள். அங்கே காற்று மிகவும் குளிர்ந்திருக்கும் நாட்களில் எரிபொருளின் வெப்பநிலையைக் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் ஜெட் ஏ-1 எரிபொருள் சுழியத்திற்குக் கீழே 47 பாகை செல்சியஸில் உறையத் தொடங்குகிறது. பூமத்திய ரேகையின் மேல் நிலைகொண்டிருக்கும் செயற்கைக்கோள்கள் துருவத்தை ஒட்டிய பகுதிகளில் அடிவானத்திற்குக் கீழே போய்விடுவதால், பழைய உயர் அதிர்வெண் வானொலியை நம்ப வேண்டியிருக்கும். சூரியப் புயல் வீசினால் அந்த வானொலியும் செயலிழக்கும். அப்படிப்பட்ட நாட்களில் துருவப் பாதையை விட்டுத் தெற்கே திருப்பிவிடுகிறார்கள், பயண நேரமும் நீளுகிறது.

இயற்கை இடும் தடைகளை விடவும் பெரிய தடைகளை அரசுகள் இடுகின்றன. ஹெல்சிங்கி–டோக்கியோ தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி ரஷ்யாவின் மேல் செல்கிறது. 2022-இல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததைத் தொடர்ந்து ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. அதற்கு முன்பு ஒன்பதரை மணி நேரமாக இருந்த பின்லாந்தின் பின்னேர் விமானப் பயணம் சுமார் 13 மணி நேரமாக நீண்டது. ரஷ்யாவைச் சுற்றிக்கொண்டு வடதுருவத்தின் மேலாகவோ, தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ பறக்க வேண்டியதாயிற்று. ஹெல்சிங்கியும் டோக்கியோவும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் ஆசியாவுக்குப் போக ஐரோப்பாவிலேயே மிகக் குறுகிய வழியைக் கொண்ட நகரம் என்று தன்னை முன்னிறுத்திக்கொண்ட ஹெல்சிங்கி, அந்தச் சிறப்பை ஒரே வாரத்தில் இழந்தது. இது புதிய கதையும் அன்று. பனிப்போர்க் காலத்தில் சோவியத் வான்வெளி மூடிக் கிடந்ததால், 1957-இல் ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ் கோபன்ஹேகனிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாக டோக்கியோவுக்குத் துருவப் பாதையைத் தொடங்கியது. அதன் பிறகு பல்லாண்டுகள் ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குப் போனவர்கள் ஆங்கரேஜில் இறங்கிக் கால்களை நீட்டிக்கொண்டார்கள். சோவியத் வான்வெளி திறந்ததும் அந்த நிறுத்தம் தேவையற்றுப் போனது.

பயணச்சீட்டில் அச்சாகும் நேரங்களைப் பார்த்துக் குழம்புபவர்களுக்காக ஒரு குறிப்பு. அங்கே உள்ளவை அந்தந்த ஊர்களின் உள்ளூர் நேரங்கள். மேலே சொன்ன முதல் பயணத்தில் விமானம் சிங்கப்பூரில் நள்ளிரவுக்குச் சற்று முன்பு புறப்பட்டு, நுவார்க்கில் அதிகாலை 5.29-க்குத் தரையிறங்கியது. பார்ப்பதற்கு ஆறு மணி நேரப் பயணம்; இடையே 12 மணி நேர வேறுபாடு ஒளிந்திருக்கிறது. திரும்பும் பயணமோ முப்பது மணி நேரம் போலத் தோன்றும். சர்வதேசத் தேதிக்கோடு குறுக்கிட்டால் விந்தை இன்னும் கூடும். சமோவா நாடு 2011-இன் இறுதியில் டிசம்பர் 30-ஆம் தேதியையே நாட்காட்டியிலிருந்து நீக்கிவிட்டு, கோட்டின் மேற்குப் பக்கத்திற்கு மாறிக்கொண்டது. அதன் தலைநகர் ஆபியாவிலிருந்து அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்கு 150 கிலோமீட்டருக்கும் குறைவு. ஒரு மணி நேரம்கூட ஆகாத அந்தப் பயணத்தில் ஏறுபவர், இறங்கும்போது முந்தைய நாளில் இருப்பார்.

அட்டவணையில் உள்ள கால அளவு, ஓடுபாதையை விட்டு எழும்பியது முதல் தரையைத் தொடுவது வரை உள்ள நேரமும் அன்று. புறப்படும் வாயிலை விட்டு நகர்ந்தது முதல் சேரும் வாயிலில் நிற்பது வரை உள்ள மொத்த நேரம் அது. நெரிசலுக்கென்று சேர்த்து வைத்த நிமிடங்களும் அதில் அடக்கம். சீக்கிரம் வந்துவிட்டோம் என்று அறிவிக்கும்போது மகிழ்வதில் தவறில்லை, ஆனால் அந்தச் சீக்கிரத்தில் பெரும்பகுதி அட்டவணையிலேயே எழுதிவைக்கப்பட்டது. இவை எல்லாவற்றையும் மனத்தில் கொண்டு நான் கையாளும் கணக்கு இதுதான்: பெருவட்டத் தூரத்தை 850-ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுவது. டோக்கியோ–லாஸ் ஏஞ்சலஸ் தூரம் சுமார் 8,800 கிலோமீட்டர். கணக்கில் 11 மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக வருகிறது. உண்மையில் கிழக்கே போக சுமார் 10 மணி நேரமும், மேற்கே வர 12 மணி நேரத்தை ஒட்டியும் ஆகிறது. இரண்டுக்கும் நடுவே நம் எண் அமர்ந்துகொள்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் லண்டனுக்கும் இடையே சுமார் 14,500 கிலோமீட்டர். கணக்கில் பதினேழரை மணி நேரம் வருகிறது, 2018 மார்ச்சில் ஆஸ்திரேலிய நிறுவனமான குவாண்டாஸ் தொடங்கிய இடைநில்லா விமானத்திற்கும் ஏறத்தாழ அவ்வளவே ஆகிறது. ஐந்நூறு கிலோமீட்டருக்குக் குறைந்த பயணங்களுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். அங்கே பறப்பதை விடத் தரையில் ஊர்வதும் காத்திருப்பதும் அதிகம். இடையில் வான்வெளி மூடியிருந்தாலும் இது பொய்த்துவிடும்.

இன்று பதினெட்டு மணி நேரத்தை நீண்டது என்கிறோம். வானில் இதை விட அதிக நேரம் இருந்த பயணிகள் முன்பே உண்டு. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்து, ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே இருந்த வான்வழி அறுந்தபோது, 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனம் பெர்த்திலிருந்து இலங்கையின் தென்கரையில் உள்ள கொக்கல ஏரிக்குக் கேட்டலினா நீர்வானூர்திகளை ஓட்டியது. தூரம் சுமார் 5,650 கிலோமீட்டர்தான். ஆனால் பயணம் 27 மணி முதல் 33 மணி நேரம் வரை நீண்டது. எரிபொருளின் எடையால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியவில்லை; எதிரிக்குத் தெரியாமலிருக்க வானொலியும் மௌனமாகவே இருக்க வேண்டும்; விண்மீன்களைப் பார்த்துத்தான் வழி கண்டறிந்தார்கள். ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதிப்பதைப் பார்த்தவர்கள் என்று பயணிகளுக்குச் சான்றிதழும் அளித்தார்கள். இன்று அதே தூரத்தை ஏழு மணி நேரத்தில் கடந்துவிடலாம். போர் முடிந்த பின் 1947-இல் தொடங்கிய சிட்னி–லண்டன் சேவை ஆறு இடங்களில் நின்று நான்கு நாட்கள் எடுத்துக்கொண்டது.

அந்தச் சிட்னி–லண்டன் வழியைத்தான் இப்போது நிற்காமலே கடக்க முயல்கிறார்கள். பெருவட்டத் தூரம் சுமார் 17,000 கிலோமீட்டர். 2019 நவம்பரில் குவாண்டாஸ் ஒரு போயிங் 787 விமானத்தில் ஐம்பது பேர் அளவிலேயே ஏற்றிக்கொண்டு லண்டனிலிருந்து சிட்னிக்குச் சோதனைப் பயணம் நடத்தியபோது, பறந்த தூரம் 17,800 கிலோமீட்டர், நேரம் 19 மணி 19 நிமிடம். நம் கணக்கு 20 மணி 30 நிமிடம் என்று சொல்லும். லண்டனிலிருந்து சிட்னிக்குப் போவது கிழக்கு நோக்கிய பயணம் என்பதை நினைவில் கொண்டால் இந்தக் குறைவில் வியப்பில்லை. முழு அளவில் பயணிகளை ஏற்றிக்கொண்டு இதைச் செய்வதற்காகக் கூடுதலாக 20,000 லிட்டர் தொட்டியுடன் ஏ350-1000 விமானங்களை அந்நிறுவனம் கேட்டுப் பெறுகிறது. அதற்கு மேல் மீதமிருப்பது 3,000 கிலோமீட்டர்தான். மாட்ரிட்டும் வெலிங்டனும் போல, பூமியின் நேர் எதிர்ப்புள்ளிகளை ஏறத்தாழ ஒட்டியிருக்கும் நகரங்களுக்கு இடையே எந்தத் திசையில் புறப்பட்டாலும் தூரம் 20,000 கிலோமீட்டரை ஒட்டியே வரும். அங்கே குறுகிய வழி என்று ஒன்றைத் தேட வேண்டிய தேவையே இராது, அன்றைய காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று மட்டும் பார்த்தால் போதும்.